இன்னொரு பிளக் பாயிண்ட் போடும் முன்னால்

(ஆரணியில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது. பேசிய நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



இன்றைக்குச் சேமிப்பு, வசூல், வங்கி இணைப்பு எதையும் பேசப்போவதில்லை. சுவரில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு. பிளக் பாயிண்ட். இதைப் பற்றிப் பேச என்ன இருக்கு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அரை நாளில் போட்டுவிட்டுப் போறார் என்று நினைப்பீங்க. அந்த அரை நாளைப் பற்றித்தான் பேசணும்.

குழுக்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. உட்கடன் எதற்கு என்ற இடத்தில் தையல் மெஷினுக்கு மோட்டார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இண்டக்சன் அடுப்பு, மாவரைக்கப் பெரிய கிரைண்டர் என்று வரிசையாக இருக்கும். பொருளுக்குக் கடன் கேட்கிறோம். அந்தப் பொருளைச் சொருக வீட்டில் சரியான இடம் இருக்கா என்று கேட்பதில்லை. பொருள் வந்து இறங்கின பிறகுதான் தேடுகிறோம். ஹாலில் டி.வி. பக்கத்தில் ஒரே ஒரு போர்டு. அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதிலிருந்து இன்னொன்று. ஒயர் கதவிடுக்கில் நசுங்கி, சமையல்கட்டு ஈரத்தில் படுத்து, கிரைண்டர் வரைக்கும் போகிறது.

இது ஏன் இப்படி ஆச்சு என்றால், நம்ம வீடுகள் எல்லாம் விளக்குக்காக ஒயரிங் செய்த வீடுகள். குடிசைக்கு ஒரு விளக்கு என்று இணைப்பு கொடுத்த காலத்தில் அந்த ஒரு பல்பே பெரிசு. தொகுப்பு வீடு கட்டினபோதும் விளக்கு, ஃபேன், ஒன்றோ இரண்டோ பிளக், அவ்வளவுதான். அப்புறம் பொருள்கள் வந்தன. 2006 செப்டம்பர் 15-ல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் அதே செப்டம்பர் 15, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா நம்ம திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில்தான் தொடங்கி வைத்தார். நம்மில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் கிரைண்டர் இன்னமும் ஓடுது, இல்லாட்டி பரணில் இருக்கு. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் முடிவு கட்டின நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கு மூன்று மின்சாதனம் வந்தது, அதைச் சொருகும் சுவர் பழையபடியே நின்றது. அன்றைக்கு ஆரம்பித்த எக்ஸ்டென்ஷன் பெட்டி இன்றைக்கும் தொடருது.

சரி, இன்னொரு பிளக் பாயிண்ட் போட்டுக்கணும். போடலாம், போடத்தான் வேணும். தொங்குற ஒயரைவிடச் சுவரில் முறையாகப் பதித்த பாயிண்ட் நூறு மடங்கு நல்லது. ஆனால் போட்ட பாயிண்ட் உண்மையான பாயிண்டா, வெறும் பெட்டியா என்று நமக்குத் தெரியணும்.

பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கு. கீழே இரண்டு சின்னது, மேலே ஒன்று பெரிசு. கீழே இருக்கிற இரண்டில், நமக்கு நேராக நின்று பார்த்தால் வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். கரண்ட் ஒன்றில் வந்து மற்றதில் திரும்பிப் போகுது. டி.வி.யும் ஃபேனும் ஓட அந்த இரண்டே போதும். அப்போ மேலே இருக்கிற மூன்றாவது ஓட்டை எதுக்கு? அதுதான் எர்த். பொருள் ஓடுவதற்கு அது தேவையே இல்லை. அதனால்தான் அது இல்லாட்டியும் யாருக்கும் தெரிவதில்லை. கிரைண்டர் சுத்தும், ஃபிரிட்ஜ் குளிரும், இஸ்திரிப் பெட்டி சுடும். பத்து வருஷம் ஓடும். என்றைக்கோ ஒரு நாள் உள்ளே ஒயர் தேய்ந்து, பேஸ் கம்பி கிரைண்டரின் இரும்பு உடம்பில் பட்டால், அன்றைக்குத்தான் அந்த மூன்றாவது ஓட்டையின் வேலை. கரண்டை அது தரைக்குக் கொண்டு போகணும். அதுக்கு ஒயர் இல்லை என்றால், ஈரக்கையோடு மாவை வழிக்கிற நம்ம உடம்பு வழியாகத் தரைக்குப் போகும்.

கவனிச்சுப் பாருங்க, பிளக்கில் எர்த் பின் மட்டும் மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். நீளம் எதுக்கு என்றால், சொருகும்போது முதலில் எர்த் சேரணும், பிடுங்கும்போது கடைசியாகத்தான் எர்த் விடணும். தடிமன் எதுக்கு என்றால், தவறியும் அது பேஸ் ஓட்டையில் நுழையக் கூடாது. இந்த வட்டப் பின் பிளக் வெள்ளைக்காரன் காலத்து வடிவம். அவன் ஊரில் 1947-லேயே சதுரப் பின்னுக்கு மாறி, பிளக்குக்குள்ளேயே ஒரு சின்ன ஃபியூஸும் வைத்துக்கொண்டான். நம்மிடம் வட்டப் பின்னே நிலைத்துவிட்டது. அதனால் ஒன்றும் குறைவில்லை, முறையாக மாட்டினால் இதுவும் பத்திரமானதுதான். நாம் செய்கிற வேலைதான் குறை. ஓட்டையில் நுழையவில்லை என்று எர்த் பின்னை உடைத்துவிடுகிறோம். பிளக்கே இல்லாமல் ஒயர் நுனியை வாயால் கடித்து உரித்து, ஓட்டையில் விட்டு, தீக்குச்சி செருகி நிறுத்துகிறோம். எந்த ஊர் என்று கேட்காதீங்க, எல்லா ஊரிலும் இருக்கு.

மிக்ஸியில் சிலதுக்கும், டி.வி.க்கும், செல்போன் சார்ஜருக்கும் இரண்டு பின்தான் வருது, அது எப்படி என்று கேட்கலாம். பொருளின் பின்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டில் ஒரு கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் போட்ட குறி இருந்தால், அது இரட்டைக் காப்பு உள்ள பொருள். கரண்ட் வெளியே வராதபடி இரண்டு அடுக்கு மறைப்பு செய்திருக்காங்க, எர்த் வேண்டாம். மற்றபடி கையில் படுகிற மாதிரி வெளியே இரும்பு இருந்து, மூன்று பின்னோடு வந்தால், அதுக்குக் கண்டிப்பாக எர்த் வேணும். கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார் எல்லாம் இந்த ரகம்.

இப்போ ஒரு கேள்வி வரும். "ஃபியூஸ் இருக்கே, டிரிப்பர் சுவிட்ச் இருக்கே, ஷாக் அடிச்சா அது நிறுத்திடாதா?" நிறுத்தாதுங்க. இதை நன்றாக மனதில் போட்டுக்கணும். ஃபியூஸும் சாதாரண எம்.சி.பி. டிரிப்பரும் ஒயரைக் காப்பாற்ற வைத்தவை. ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்ப்பது அதன் வேலை. ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. கணக்குப் பாருங்க. 60 வாட் குண்டு பல்பு எடுப்பது சுமார் 260 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அதில் பாதிகூட வேண்டாம். ஆனால் 6 ஆம்பியர் டிரிப்பர் 6000 மில்லி ஆம்பியர் வரைக்கும் பேசாமல் இருக்கும். நம்ம உடம்பில் போகிற கரண்ட் அதுக்கு ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான் தெரியும்.

ஆளைக் காப்பாற்ற வேறு ஒன்று இருக்கு. ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேட்கணும். பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பாங்க. மின்வாரியமும் வீட்டுக்கு வீடு பொருத்தச் சொல்லி வருது. அது எப்படி வேலை செய்யுது என்பது நமக்குச் சுலபமாகப் புரியும், ஏன் என்றால் நாம கணக்கு எழுதுகிறவங்க. கூட்டத்தில் வெளியே கொடுத்த பணமும் திரும்பி வந்த பணமும் ஒத்துப் போகணும் இல்லையா? அதேபோல அந்தப் பெட்டி பேஸில் போன கரண்டையும் நியூட்ரலில் திரும்பின கரண்டையும் விடாமல் ஒத்துப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, நடுவில் யார் உடம்பு வழியாகவோ, சுவர் வழியாகவோ எங்கேயோ கசியுது என்று கண் இமைக்கும் நேரத்தில் முழு வீட்டையும் நிறுத்திவிடும். எர்த் ஒயரும் சரியாக இருந்துவிட்டால், கசிவு வந்த அந்த நொடியிலேயே விழுந்துவிடும், நாம் கை வைக்கும் வரைக்கும் காத்திருக்காது. வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கா பாருங்க. 100, 300 என்றும் கடையில் இருக்கு, அது ஆளுக்கு ஆகாது. அதில் 'டி' எழுத்து போட்ட ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்தினால் பட்டென்று விழணும். விழவில்லை என்றால் அது செத்துப் போன பெட்டி, மாற்றணும். குழுக் கூட்டம் நடக்கிற தேதியை வைத்துக்கொண்டால் மறக்காது.

சில வீடுகளில் இதை மாட்டின மறுநாளே கழற்றிப் போட்டுவிடுகிறாங்க. கேட்டால் "சும்மா சும்மா விழுதுக்கா" என்கிறாங்க. சும்மா விழாது. எங்கேயோ கசிவு இருக்கு, இல்லை என்றால் பழைய ஒயரிங்கில் நியூட்ரலையும் எர்த்தையும் கலந்து கட்டியிருக்காங்க. அதைத்தான் அது காட்டிக்கொடுக்குது.

இந்தக் கலந்து கட்டுகிற விஷயத்தைச் சொல்லியே ஆகணும். வீட்டில் எர்த் ஒயரே வராத சுவரில், புது பாயிண்டுக்கு எர்த் வேணும் என்று நாம கேட்டால், வேலை தெரியாத ஆள் என்ன செய்வார்? பெட்டிக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து எர்த் ஓட்டையில் கட்டிவிடுவார். டெஸ்டர் வைத்தாலும் சரியாக இருக்கிற மாதிரியே தெரியும். ஆனால் மழை காற்றில் எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், அந்தக் கணமே நம்ம கிரைண்டர், ஃபிரிட்ஜ் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். எர்த்தே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம். அதே போல இன்னொரு பழைய வழக்கம், குடிநீர்க் குழாயில் எர்த் கட்டுவது. அன்றைக்கு இரும்புக் குழாய், மண்ணுக்குள் போச்சு, ஓரளவுக்குச் சரி. இன்றைக்கு வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் பைப். பிளாஸ்டிக்கில் எர்த் கட்டினால் கொடிக்கயிற்றில் கட்டின மாதிரிதான்.

எர்த் என்றால் மண்ணுக்குள் போகணும். வீட்டுக்கு வெளியே சுமார் இரண்டரை மீட்டர் இரும்பு பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, அதிலிருந்து ஒயர் மெயின் போர்டுக்கு வரணும். அங்கிருந்து பச்சை ஒயர் ஒவ்வொரு பிளக்குக்கும் போகணும். ஆற்று மணல் பாங்கான இடத்தில் கோடையில் காய்ந்துவிடும், அந்தக் குழியில் அவ்வப்போது நாலு குடம் தண்ணி ஊற்றணும். துணி துவைத்த தண்ணி போதும். இதையும் நாமதான் செய்யப்போறோம், நாமே தெரிந்து வைத்துக்கொள்வோம்.

அடுத்தது ஒயர். பக்கத்தில் இருக்கிற பெட்டியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்து புது பாயிண்ட் போடுவது சுலபம், செலவும் குறைவு. சில பொருளுக்கு அது சரி, சிலதுக்குச் சரியில்லை. பொருளின் மேல் போட்டிருக்கிற வாட் கணக்கை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். பிள்ளைங்களைச் செல்போனில் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்க. 150 வாட் கிரைண்டர் ஒரு ஆம்பியர்கூட இல்லை. 750 வாட் மிக்ஸி மூன்றேகால். 1500 வாட் வெந்நீர்க் கம்பி ஆறரை. 2000 வாட் இண்டக்சன் அடுப்பு எட்டே முக்கால். சின்ன பிளக் 6 ஆம்பியர், பெரிய பிளக் 16 ஆம்பியர். முன்னே 5, 15 என்று சொல்வாங்க. அப்போ மிக்ஸி, தையல் மோட்டார், சார்ஜர், படிக்கிற விளக்கு இதெல்லாம் சின்ன பிளக்கில் போகலாம், ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். இண்டக்சன் அடுப்புக்கும் வெந்நீர்க் கம்பிக்கும் பெரிய பிளக், இரண்டரை ஒயர், அதுவும் மெயின் போர்டிலிருந்து தனியாக வரணும், தனி டிரிப்பரோடு. லைட்டுக்கு வந்த ஒரு ஒயரில் போய் அடுப்பைக் கோர்த்தால் சுவருக்குள்ளேயே ஒயர் உருகும். வெளியே ஒன்றும் தெரியாது, கருகின வாடை மட்டும் எப்பவாவது வரும். கடையில் ஒரு கன்வர்ஷன் பிளக் விற்கிறாங்க, பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் சொருக. அதை வீட்டுக்குள் விடாதீங்க. கோர்க்கக் கூடாததைக் கோர்ப்பதற்கென்றே செய்த சாமான் அது.

ஒயர், சுவிட்ச், சாக்கெட் எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து நாமே போய் வாங்கிட்டு வரணும். சாக்கெட்டில் கதவு வைத்தது கேளுங்க. எர்த் பின் உள்ளே போனால்தான் கீழ் ஓட்டை இரண்டும் திறக்கும். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் ஊசி, கம்பி எதுவும் போகாது.

யாரை வைத்துச் செய்வது? பல்பு, ஃபேன், சுவிட்ச், ஃபியூஸ் பழுதானால் அதே அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிதாக ஒரு பாயிண்ட் சேர்ப்பது அப்படியில்லை. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாக, தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் செய்யணும் என்று 1956-ம் வருடத்து இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. 2010-லும் 2023-லும் வந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அப்படியேதான் இருக்கு. நம்ம ஊரில் பெயிண்ட் அடிக்க வந்தவர், கேபிள் டி.வி. பார்க்கிறவர், கம்பெனியில் ஹெல்பராக இருக்கிற தம்பி என்று யார் வேணுமானாலும் போட்டுவிட்டுப் போறாங்க. கூலி மிச்சம் என்று பார்க்கிறோம். வருகிறவரிடம் கம்பியாள் தகுதிச் சான்று இருக்கா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். வங்கியில் நம்மிடம் எத்தனை சான்று கேட்கிறாங்க!

அவர் வேலை செய்யும்போது நாம பக்கத்தில் இருக்கணும். வழக்கமாக என்ன நடக்குது? வீட்டு ஆம்பளை வந்து "இங்கே போடுப்பா" என்று கதவு பக்கம் கையைக் காட்டிட்டு டீ குடிக்கப் போயிடறார். அந்த பிளக்கை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பயன்படுத்தப் போறது யார்? இடத்தை நாமதான் சொல்லணும். சமையல் மேடையில் என்றால் மேடைக்கு ஒரு அடி மேலே. குழாய்க்கும் தொட்டிக்கும் நேர் மேலே வேண்டாம், அடுப்புக்குப் பின்னாலும் வேண்டாம், கொதிக்கும்போது தெறிக்கும். எரிகிற அடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி சுவிட்ச் போடுகிற மாதிரி வைக்கவே கூடாது. குளியலறைக்குள் பிளக் வேண்டாம்.

சுவரைக் காடி வெட்டிப் பைப் புதைத்தாலும் சரி, மேலேயே கேசிங் பட்டி ஓட்டினாலும் சரி, ஒயர் நேராக மேலே அல்லது நேராகக் குறுக்கே போகணும். மிச்சம் பிடிக்கச் சாய்வாக இழுத்தால், அடுத்த தைப்பொங்கலுக்குக் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது எங்கே ஒயர் இருக்கு என்று யாருக்குத் தெரியும்? பூசி மூடுகிறதுக்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கோங்க. சுவருக்குள் ஒயரை முறுக்கி டேப் சுற்றி மூடக் கூடாது, இணைப்பு எல்லாம் பெட்டிக்குள்ளேயேதான். சுவிட்ச் பேஸ் ஒயரில் வரணும், நியூட்ரலில் வந்தால் சுவிட்ச் அணைத்தும் பொருளில் கரண்ட் நிற்கும். கூரை வீட்டில் கீற்று, மூங்கிலைத் தொட்டு ஒயர் போகவே கூடாது.

வேலை முடிந்ததும் கூலி கொடுக்கிறதுக்கு முன்னால், எங்க எதிரில் சோதித்துக் காட்டுங்க என்று கேளுங்க. எர்த்தை ஒழுங்காகப் போட்டவருக்கு இது ஐந்து நிமிஷ வேலை. டெஸ்ட் லாம்ப் என்று ஒரு பல்பை ஒயரோடு வைத்திருப்பார். அதைப் பேஸிலும் எர்த்திலும் வைத்தால் நன்றாக எரியணும். ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில் எரியாது, பட்டென்று மெயின் விழும். விழுந்தால் அதுதான் சரி. இதை அவரே செய்து காட்டட்டும், நாம செய்ய வேண்டாம். மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ, வேலை முடியலை என்று அர்த்தம்.

நம்ம பகுதிக்கென்று ஒரு விஷயம். ஆரணி ஆறு வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும், பிச்சாட்டூர் அணை திறந்தால் ஒரே ராத்திரியில் கரை தொட்டு ஓடும். 2015, 2021, அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மூன்று தடவையும் நம்ம மாவட்டத்தில் வீடுகளுக்குள் தண்ணி வந்ததைப் பார்த்தோம். தாழ்வான இடத்தில் வீடு இருந்தால் எந்தப் பிளக்கையும் தரையிலிருந்து அரை அடியில் வைக்க விடாதீங்க. போன வெள்ளத்தின் கறை சுவரில் எது வரைக்கும் இருக்கோ அதுக்கு மேலே ஒரு அடி. தண்ணி ஏறுகிற மாதிரி தெரிந்தால் முதலில் மெயினை அணைக்கணும், அப்புறம்தான் சாமான் தூக்கணும். வடிந்த பிறகும் பிளக், பெட்டி எல்லாம் காய்ந்து, ஆளை வைத்துப் பார்த்த பிறகுதான் மெயினைப் போடணும்.

செலவு என்று பார்த்தால், எர்த் குழியும் ஆர்.சி.சி.பி.யும் சேர்த்து ஒரு வாஷிங் மெஷினின் விலையில் சின்னப் பங்குதான். வாஷிங் மெஷினுக்குக் கடன் கொடுக்கிற குழு, எர்த் போடக் கேட்டால் "இது அவசியமா?" என்று இழுக்குது. எங்க கருத்து, மின்சாதனத்துக்கு உட்கடன் எழுதும்போதே எர்த்துக்கும் சேர்த்து எழுதணும். ஒரே தெருவில் நாலு வீட்டுக்குச் சேர்ந்து வேலை கொடுத்தால் கூலியும் குறையும். இன்னொரு யோசனை. ஆர்செட்டி என்கிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் வீட்டு ஒயரிங் பயிற்சி இலவசமாகத் தருகிறாங்க. தையலுக்கும் அழகுக் கலைக்கும் மட்டும் பெயர் கொடுக்காமல், படித்த பெண் பிள்ளைங்க இதுக்கும் பெயர் கொடுக்கலாம். ஆள் இல்லாத பகல் நேரத்தில் வீட்டுக்குள் வந்து வேலை செய்ய ஒரு பெண் எலக்ட்ரீஷியன் இருந்தால் எவ்வளவு நிம்மதி!

கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகளையும் இங்கே தருகிறோம்.

கும்மிடிப்பூண்டி பக்கம் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஒரு தங்கை கேட்டது: "ஆறு வீட்டுக்கு ஒரே மீட்டர். வீட்டுக்காரர் ஆணிகூட அடிக்க விடமாட்டார். நாங்க என்ன செய்ய?"

புது பாயிண்ட் போட அவர் சம்மதம் வேணும், அது உண்மை. ஆனால் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் அவர் கட்டிடத்துக்குச் செய்கிற வேலை. ஆறு குடும்பமும் சேர்ந்து போய்க் கேளுங்க, தனித்தனியாகக் கேட்காதீங்க. அது வரைக்கும் இண்டக்சன் அடுப்பு, வெந்நீர்க் கம்பி, இஸ்திரி மூன்றையும் எல்லா வீட்டிலும் காலையில் ஒரே நேரத்தில் போடாதீங்க. வெந்நீர்க் கம்பியைப் பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் வாளியிலிருந்து எடுக்கணும்.

"பாயிண்ட் போட்டா ஈ.பி.யில் சொல்லணுமா?"

சின்ன பிளக் ஒன்று சேர்ப்பதுக்கு வேண்டாம். ஏ.சி., பெரிய மோட்டார் மாதிரி வைத்து, இணைப்பு வாங்கும்போது எழுதிக் கொடுத்த அளவைத் தாண்டினால் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து அளவைக் கூட்டணும். மீட்டர் சீலையும் மீட்டருக்கு முன்னால் இருக்கிற ஒயரையும் நாமோ எலக்ட்ரீஷியனோ தொடக் கூடாது, அது வாரியத்தின் பொறுப்பு. புகார் சொல்ல மின்னகம் எண் 94987 94987, ராத்திரியிலும் எடுக்கிறாங்க.

"கண் முன்னால் ஒருத்தருக்கு ஷாக் அடிச்சா?"

ஓடிப் போய்ப் பிடிக்காதீங்க. பெற்ற பிள்ளையாக இருந்தாலும் முதலில் மெயினை அணைக்கணும். மெயின் எங்கே என்று வீட்டில் பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கணும், அதன் முன்னால் மூட்டை அடுக்கக் கூடாது. அணைக்க முடியவில்லை என்றால், காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த கட்டையால் தள்ளணும். உடனே 108. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இதயத்தைப் பார்க்கச் சொல்லணும்.

கடைசியாக ஒரு அக்கா கேட்டது: "எங்க வீட்டில் மழைக் காலத்தில் மட்டும் சமையல்கட்டுச் சுவரைத் தொட்டா ஜிவ்வுனு இருக்கு. வெயில் வந்தா சரியாயிடுது. ஈரம்தானேன்னு விட்டுட்டோம்."

அக்கா, ஈரச் சுவர் சில்லென்று இருக்கும், ஜிவ்வென்று இருக்காது. உள்ளே ஒயர் உரிந்து சுவரில் கசியுது. வெயிலில் கசிவு நிற்கிறது, ஒயர் உரிந்தபடியேதான் இருக்கு. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தச் சுவருக்குப் போகிற டிரிப்பரை இறக்கிவிடுங்க. எது என்று தெரியவில்லை என்றால் மெயினையே இறக்கிவிடுங்க. நாளைக்குக் காலையில் சான்று உள்ள ஆளோடு நம்ம கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் வருகிறோம்.